பிளஸ் டூ கணக்கு: கால்குலஸை விட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, நான் பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 90-க்கு 41 வாங்கினேன். அணிகள், கலப்பு எண்கள், வெக்டர் எல்லாம் ஓரளவு போட்டுவிடுவேன். கால்குலஸ் (வகையிடலும் தொகையிடலும்) வந்தால் கை நின்றுவிடுகிறது. யூடியூபில் பார்க்கும்போது புரிகிறது; நோட்டில் போட்டால் வரவில்லை. ‘கால்குலஸ் வரும் நாலு பாடத்தை விட்டுவிட்டு மற்றதைப் படி, பாஸ் ஆகிவிடலாம்’ என்கிறார்கள். எனக்கு இன்ஜினியரிங் படிக்க ஆசை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். தர்மபுரியில் டியூஷன் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். பொதுத்தேர்வுக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்? அரையாண்டு விடைத்தாளில் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– பிளஸ் டூ மாணவி, பென்னாகரம் வட்டம்

பதில்:

‘நீ’ என்றே எழுதுகிறேன் அம்மா. 30 வருஷம் வகுப்பறையில் நின்ற பழக்கம், போகாது.

உன் கடிதத்தைவிட அந்த இரண்டு பக்கம்தான் எனக்கு அதிகம் சொன்னது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் கணக்கு வரையறுத்த தொகையிடல். மைனஸ் 1-லிருந்து 2 வரை, ‘மூன்று எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் இரண்டு எக்ஸ்’. இதை எக்ஸ் கியூப் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் என்று சரியாகவே தொகையிட்டிருக்கிறாய். மேல் எல்லை 2-ஐப் போட்டு 8 − 4 = 4 என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சரி. கீழ் எல்லை மைனஸ் 1-ஐப் போட்டால் −1 − 1 வருகிறது. அதை அப்படியே அடைப்புக்குறிக்குள் வைத்துக் கழிக்க வேண்டும்: 4 − (−1 − 1) = 4 + 2 = 6. நீ அடைப்புக்குறி போடாமல் 4 − 1 − 1 என்று எழுதி, விடை 2 என்று அடிக்கோடும் போட்டுவிட்டாய். கால்குலஸ் முடிந்த பிறகு, ஏழாம் வகுப்புக் கணக்கில் தவறியிருக்கிறாய்.

இரண்டாவது கணக்கில் சைன் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிட வேண்டும். சைன் கியூப் எக்ஸ் பை 3 என்று எழுதியிருக்கிறாய். எக்ஸ் ஸ்கொயருக்கு உள்ள விதியைத் தூக்கி சைனுக்கு மாட்டிவிட்டாய். இந்த ஒரு தவறை மட்டும் நான் ஆயிரம் விடைத்தாளிலாவது பார்த்திருப்பேன். சைன் ஸ்கொயரை அப்படியே தொகையிட முடியாது; 1 மைனஸ் காஸ் 2 எக்ஸ், அதில் பாதி என்று முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் இரண்டே வரி. அந்த மாற்றம் பிளஸ் ஒன் முக்கோணவியலில் வந்தது.

மூன்றாவது, வேலி போடும் கணக்கு. ஏரிக்கரையை ஒட்டிச் செவ்வகமாக ஒரு தக்காளித் தோட்டம். கரைப்பக்கம் வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 200 மீட்டர் கம்பி. அதிகபட்சம் எவ்வளவு பரப்பை வளைக்கலாம்? (தக்காளிக்குப் பேர்போன பாலக்கோடு பக்கத்து ஆசிரியர் யாரோ எடுத்த கேள்வித்தாள் போலிருக்கிறது.) அகலம் எக்ஸ் என்றால் நீளம் 200 மைனஸ் 2 எக்ஸ், பரப்பு 200 எக்ஸ் மைனஸ் 2 எக்ஸ் ஸ்கொயர், வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் எக்ஸ் 50, நீளம் 100, பரப்பு 5,000 சதுர மீட்டர். எல்லாம் சரி. படமும் அழகாக வரைந்திருக்கிறாய். ஆனால் இரண்டாம் வகைக்கெழு மைனஸ் 4, அது குறை எண், ஆகவே இது பெருமம்தான் என்ற ஒரு வரி இல்லை. நான் திருத்தியிருந்தாலும் ஒரு மதிப்பெண் குறைத்திருப்பேன்.

இந்த மூன்றையும் வைத்துப் பார். வகையிடத் தெரிகிறது, தொகையிடத் தெரிகிறது. வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றவும் தெரிகிறது. அதுதான் எல்லோருக்கும் கஷ்டமான இடம். ஆக, உன்னை நிறுத்துவது அடைப்புக்குறியும், குறியும், பிளஸ் ஒன் சூத்திரங்களும்தான். அது எட்டு வாரத்தில் சரியாகக்கூடிய விஷயம்.

சரி, ‘நாலு பாடத்தை விட்டுவிடு’ என்கிற யோசனைக்கு வருகிறேன். சொன்னவர் உன் கெடுதலுக்குச் சொல்லவில்லை. தேர்ச்சி எல்லையில் ஊசலாடும் பிள்ளையிடம் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். 41 வாங்கிய நீ அந்த எல்லையில் இல்லை. 12 அத்தியாயத்தில் 7, 8, 9, 10 என்று நான்கு கால்குலஸ். பலரும் கவனிக்காத ஒன்று, 11-ஆவதான நிகழ்தகவு பரவல்களிலும் தொடர்ச்சியான சமவாய்ப்பு மாறி வந்தால் தொகையிட்டுத்தான் ஆக வேண்டும். ஆக நாலு பாடத்தை விடுகிறவர் உண்மையில் நாலரைப் பாடத்தை விடுகிறார். இன்ஜினியரிங் கட் ஆஃபில் 200-க்குக் கணக்கு மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மீதி 100. இரண்டு பேர் சமமாக நின்றால் முதலில் பார்ப்பதும் கணக்கு மதிப்பெண்ணைத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் முதல் வருஷக் கணக்கிலேயே கால்குலஸ் உண்டு. இப்போது விட்டால் அங்கே வந்து நிற்கும்.

முதல் 10 நாள் பிளஸ் டூ புத்தகத்தையே தொடாதே. பொங்கல் விடுமுறையும் இதில் அடக்கம். மாட்டுப் பொங்கல் அன்று மட்டும் விட்டுவிடு, வீட்டில் திட்டுவார்கள். பிளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொள். யாருக்காவது கொடுத்துவிட்டாய் என்றால் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் 10-ஆவது அத்தியாயம் வகையிடல், 11-ஆவது தொகையிடல். வகையிடலில் மனப்பாடமாகத் தெரிய வேண்டிய சூத்திரம் கிட்டத்தட்ட 20. தினமும் காலையில் பார்க்காமல் ஒரு தாளில் எழுது. விட்டதை மட்டும் சிவப்பில் எழுது. நாலாம் நாளே சிவப்பு குறைந்துவிடும்.

அதோடு சங்கிலி விதி. சைனுக்குள்ளே எக்ஸ் ஸ்கொயர் இருந்தால், காஸ் எக்ஸ் ஸ்கொயர் எழுதிவிட்டு உள்ளே இருப்பதன் வகைக்கெழு 2 எக்ஸால் பெருக்க வேண்டும். பாதிப் பேர் இந்த 2 எக்ஸை விடுகிறார்கள். இதில் மட்டும் 40 கணக்கு போடு. ஆசிரியர்கள் பலர் இதைப் பிளஸ் ஒன்னில் ஒரே நாளில் நடத்திவிட்டுப் போய்விடுகிறோம், நானும்தான். பிளஸ் டூவில் கால்குலஸ் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம், பிளஸ் டூ இரண்டாம் தொகுதிக்கு வா. புத்தக வரிசையில் போகாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொகை நுண்கணிதத்தை, பரப்பைச் சின்னச் சின்னச் செவ்வகமாக வெட்டிக் கூட்டி எல்லை காண்பதில் தொடங்கினேன். மூன்று வாரம் அதிலேயே நின்றேன். அழகான பகுதிதான், எனக்கு இன்றும் பிடிக்கும். நாலாவது வாரம் திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்திருந்தது. மறுவருஷம் அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

எட்டாவது அத்தியாயத்தில் பகுதி வகைக்கெழுவை முதலில் எடு. பெயர்தான் பயமுறுத்தும். எக்ஸைப் பொறுத்து வகையிடும்போது ஒய்யை ஓர் எண் மாதிரி நினைத்துக்கொள், அவ்வளவுதான். ஆய்லர் தேற்றக் கணக்கு அதோடு ஒட்டியே வரும். சமப்படித்தான சார்பு, படி என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி முடிந்தது. இது மூன்று நாள். உனக்கு ‘வருகிறது’ என்கிற தைரியம் இங்கேதான் கிடைக்கும், அதனால்தான் முன்னால் வைக்கிறேன். அடுத்து ஏழு. அதில் வீத மாற்றம், தொடுகோடு செங்கோடு, ரோலின் தேற்றம், சராசரி மதிப்புத் தேற்றம், லோபிதாலின் விதி, பெருமம் சிறுமம் எல்லாம் வேண்டும். வளைவரை வரைவதும் தொலைத்தொடுகோடுகளும் நேரம் இருந்தால் பார்க்கலாம். பிறகு ஒன்பதும் பத்தும்.

ஏழுக்கும் ஒன்பதுக்கும் போவதற்கு முன், ஒரு விஷயத்தை உன் ஊரை வைத்தே சொல்கிறேன். சூத்திரம் மட்டும் வைத்துக்கொண்டு பெருமம் சிறுமம் போடுகிறவர்கள் அந்தக் கடைசி வரியை விடுவதற்குக் காரணம், அது எதற்கு என்று தெரியாததுதான்.

மழைக்காலத்தில் தினமும் பேப்பரில் பார்த்திருப்பாய்: ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 8,000 கனஅடி.’ பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். இந்த 8,000 தண்ணீரின் அளவு அல்ல, தண்ணீர் வரும் வேகம். அது வகைக்கெழு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. நாள் முழுக்க அதே 8,000 வந்தால் பெருக்கிவிடலாம்: 69 கோடியே 12 லட்சம் கனஅடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி, ஆக முக்கால் டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் காலையில் 8,000, மதியம் 11,000, இரவு 14,000 என்று ஏறிக்கொண்டே போனால்? ஒரே பெருக்கலில் முடியாது. ஒவ்வொரு சின்ன நேரத்துண்டுக்கும் வந்த தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதைத்தான் தொகையிடல் செய்கிறது. நான் கடைசிக்குத் தள்ளச் சொன்ன அந்தச் செவ்வகங்களும் இந்த நேரத்துண்டுகளும் ஒன்றே. அதைப் படிக்கும் நாளில் இதை நினைத்துக்கொள்.

அந்தத் தண்ணீர் கீழே மேட்டூருக்குப் போகிறது. அங்கே வரத்தும் உண்டு, திறப்பும் உண்டு. வரத்திலிருந்து திறப்பைக் கழித்தால் வருவது அணையின் நீர் இருப்பு மாறும் வேகம் (ஆவியாவதை விட்டுவிடுவோம்). அணையில் தண்ணீர் அதிகபட்சமாக நிற்கும் அந்தக் கணம் எது? வரத்தும் திறப்பும் சமமாகிற கணம். அப்போது வகைக்கெழு பூச்சியம். ஆனால் கோடையில் வற்றி வற்றி, ஜூன் கடைசியில் மழை பிடித்து மறுபடி ஏறத் தொடங்கும் கணத்திலும் வரத்தும் திறப்பும் சமம்தான், அங்கேயும் பூச்சியம்தான். முதலாவது பெருமம், இரண்டாவது சிறுமம். பூச்சியம் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அணை நிரம்பியிருக்கிறதா, வற்றியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லத்தான் இரண்டாம் வகைக்கெழு. உன் தக்காளித் தோட்டத்தில் விட்டுப்போன வரி அதுதான்.

தொகையிட்டதும் பிளஸ் சி போடு என்று எல்லோரும் திட்டுவார்களே, அதுவும் இங்கேயே இருக்கிறது. ஒரு வாரம் வந்த தண்ணீரையும் போன தண்ணீரையும் துல்லியமாகக் கணக்கிட்டாலும் அணையில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே இருந்தது தெரியாவிட்டால். அந்த ‘ஏற்கெனவே இருந்தது’தான் சி. பத்தாவது அத்தியாயத்தில் வகைக்கெழு சமன்பாட்டுக் கணக்குகளில் ‘தொடக்கத்தில் மக்கள்தொகை இவ்வளவு’, ‘10 நிமிடம் கழித்து வெப்பநிலை இவ்வளவு’ என்று கொடுப்பதெல்லாம் இந்தச் சியையும் இன்னொரு மாறிலியையும் கண்டுபிடிக்கத்தான்.

பத்தாவது அத்தியாயத்தைப் பற்றி என் கட்சி ஒன்று உண்டு. சக ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு உழைப்புக் குறைவான இடம் அதுதான். மக்கள்தொகைப் பெருக்கம், கதிரியக்கச் சிதைவு, நியூட்டனின் குளிர்வு விதி, உப்புக் கரைசல் தொட்டி என்று வேறு வேறு வேஷம் போட்டு வரும். உள்ளே ஆள் ஒன்றே. சமன்பாட்டை எழுது, மாறிகளைப் பிரி, இரண்டு பக்கமும் தொகையிடு, கொடுத்த நிபந்தனையைப் போட்டு மாறிலியைக் கண்டுபிடி. கடைசி விடை தவறினாலும் இந்தப் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. காலி இடமாக விட்டால் திருத்துகிறவர் எதற்கு மதிப்பெண் போடுவார்?

ஒன்பதில் வரையறுத்த தொகையிடலின் பண்புகளை நன்றாகப் பிடித்துக்கொள். இரட்டைச் சார்பு, ஒற்றைச் சார்பு பார்த்தே சில கணக்கு ஒரு வரியில் முடியும். குறைப்புச் சூத்திரம், காமா தொகையிடல் இரண்டும் சின்னது, தவறவிடாதே. பரப்புக் கணக்குக்குப் படம் கட்டாயம். படம் இல்லாமல் போட்டால் எந்த வளைவரை மேலே, எது கீழே என்று குழம்பி, பரப்பு குறை எண்ணில் வந்து நிற்கும். நிலத்துக்குக் குறைப் பரப்பு ஏது?

நான்கு அத்தியாயத்தின் கடைசியிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி இருக்கிறது: 7.10, 8.8, 9.10, 10.9. இரவு சாப்பிட்ட பிறகு தூக்கம் வரும் நேரத்தில் இதைப் போடு. கடினமான கணக்கை விடியற்காலைக்கு வைத்துக்கொள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு ஒரு வாரத்தைத் தின்றுவிடும். அந்த வாரம் இந்த ஒரு மதிப்பெண் பயிற்சியைத் தவிர எதையும் திட்டமிடாதே.

யூடியூப் பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை என்கிறாய். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரைக் கரையில் நின்று பார்த்தால் நமக்கும் புரிகிற மாதிரிதான் இருக்கும். துடுப்பைக் கையில் வாங்கினால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். வீடியோ பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வியைக் காட்டியதும் நிறுத்து. 10 நிமிடம் நீயே போடு. மாட்டிக்கொண்ட இடம் எது என்று நோட்டில் குறி. பிறகு ஓடவிட்டு அந்த இடத்தை மட்டும் பார். மூடிவிட்டு, முதலிலிருந்து முழுதாகப் போடு. மறுநாள் காலையில் அதே கணக்கை இன்னொரு தடவை போடு. இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு ஐந்தாறு கணக்குக்கு மேல் வராது. அது போதும்.

டியூஷன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு ஒரு மணி நேர பஸ், திரும்பி வர ஒரு மணி நேரம். உன் ஊரிலிருந்து பென்னாகரம் வருவது தனி. அந்த இரண்டரை மணி நேரமே நான் மேலே சொன்ன ஐந்தாறு கணக்கு. அதுவும் ஜனவரியில் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாடத்தில் போய் நடுவில் உட்காருவாய். அப்பாவிடம் பணத்தை வைத்திருக்கச் சொல், கல்லூரிக்கு ஆகும். பதிலாக, உன் கணக்கு ஆசிரியரிடம் மதிய இடைவேளையில் போ. ‘கால்குலஸ் புரியவில்லை சார்’ என்று போகாதே. அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? நீ போட்ட தாளை நீட்டி, ‘இந்த மூன்றாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி சார் வந்தது?’ என்று கேள். எந்த ஆசிரியரும் அதற்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்.

தேர்வு அன்றைக்குச் சொல்ல அதிகமில்லை. முதல் 10 நிமிடம் வினாத்தாள் படிக்க. அதில் கட்டாய வினாக்கள் 30-ஐயும் 40-ஐயும் முதலில் பார். அவற்றில் விருப்பம் கிடையாது. 41 முதல் 47 வரை ஏழு ஐந்து மதிப்பெண் வினாவிலும் ‘அல்லது’ உண்டு, அதில் எந்தப் பக்கம் போகிறாய் என்பதை அந்த 10 நிமிடத்திலேயே முடிவு செய்து லேசாக டிக் போட்டுவிடு. நடுவில் மாற்றாதே. ஒரு மதிப்பெண்ணுக்குக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுது. கடைசி 15 நிமிடம் புதிதாக எதையும் ஆரம்பிக்காமல், போட்ட கணக்குகளில் கழித்தல் குறி வரும் இடங்களை மட்டும் திரும்பப் பார்த்துக்கொண்டு போ. உனக்கு அங்கேதான் நாலைந்து மதிப்பெண் கிடக்கிறது.

இப்போதைக்கு ஒரே ஒரு கணக்கு தருகிறேன். மைனஸ் 2-லிருந்து 1 வரை, ‘மூன்று எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் நான்கு எக்ஸ்’, தொகையிடு. 10 நாள் முடிந்ததும் தாளைப் படம் எடுத்து அனுப்பு. விடையை மட்டும் அனுப்பாதே, அடைப்புக்குறி போட்ட வரியும் அதில் தெரிய வேண்டும்.